கத்தரிக்கோல் வைத்திருந்த எலி

— அண்ணி, அந்தக் கடுதாசியை மடிச்சு உள்ள வைங்க. நீங்க முறைச்சுப் பாத்தா மட்டும் எழுத்து மாறிடப் போகுதா?

— மாறாது தம்பி. எழுதின ஆளு எதிர்ல நின்னிருந்தா மாத்த வெச்சிருப்பேன். இந்த அநியாயத்தைக் கேளுங்க: "சனிக்கிழமைதோறும் நூலகப் பின்னறையில், பழுதான பொருள்களைத் தாமே சரிசெய்யப் பொதுமக்களுக்குக் கற்றுத்தரும் வகுப்பின் பதிவேடு ஆராயப்பட்டது. ஒருமுறை சரிசெய்த பொருள்களே மீண்டும் மீண்டும் பழுதாகி வருகின்றன. ஆகவே வகுப்பால் பலன் இல்லை என்று கருத இடமுண்டு." கருத இடமுண்டாம்! இடமுண்டு, இடமுண்டுன்னு சொல்லிட்டு நம்ம இடத்தைப் பிடுங்கப் பாக்கறாரு.

— மிச்சத்தையும் படிச்சிருங்க. காலையில இருந்து அதை மட்டும் விட்டுட்டுப் படிக்கறீங்க.

— "வரும் சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் ஆய்வு செய்து, அறையை வகுப்புக்கே விடுவதா, உடைந்த மேசை நாற்காலிகளைப் போட்டுவைக்க எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்யப்படும்." உடைஞ்ச நாற்காலிக்கு அறை வேணுமாம் தம்பி! அதை நம்மகிட்ட கொடுத்தா ஒரு சனிக்கிழமையில நிமிர்த்திர மாட்டோமா?

— நிமிர்த்தலாம். அடுத்த சனிக்கிழமை திரும்பி வரும். அதானே அவர் சொல்றாரு?

— போன தடவை ஆய்வுக்கு வந்தப்ப இதே ஆளு என்ன செஞ்சாரு? அரை மணி நேரத்துல கிளம்பணும்னு வந்தவரு, ரேடியோவுக்கு ஈயம் வெச்சு ஒயர் பத்த வெக்கறேன்னு நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு மூணு மணி நேரம் உட்காந்திருந்தாரு. வீட்டுக்குப் போனதும் பலன் இல்லையாம்.

— அவரை எதுக்குத் திட்டறீங்க? லாஜிக் சரியாத்தானே இருக்கு. அண்ணி, நான் ரிப்பேர் கடை வெச்சிருந்தது இருபத்திரெண்டு வருஷம். என் கையை விட்டுப் போன பொருள் ஒண்ணுகூட அதே வியாதியோட திரும்பி வந்ததில்லை. இங்க வந்து உட்காந்த ரெண்டு வருஷத்துல, இந்தப் பதிவேட்டைப் பாருங்க. இஸ்திரிப் பெட்டி ஒன்பதாவது தடவை. குடை அஞ்சாவது தடவை. டார்ச் லைட்டு எனக்கே எண்ண வெக்கமா இருக்கு. எனக்கு வயசாயிடுச்சு, கை தளந்துடுச்சுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லப் போறாரு. சொல்லட்டும்.

— ஐம்பத்தாறு ஒரு வயசா? உங்க அண்ணன் இன்னும் தலைக்குச் சாயம் பூசிட்டுத் திரியறாரு. சரி, மேசையில இன்னைக்கு என்னென்ன இருக்கு?

— நாலு. நேத்து சாயங்காலமே நூலகத்துக்காரர்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்காங்க. டார்ச்சு, குடை, மேசை விளக்கு, அலாரக் கடிகாரம்.

— யாரு யாருதுன்னு பாத்துரலாமே. சீட்டைக் கொஞ்சம் இப்படி...

— தொடாதீங்க! சீட்டு கவுந்துதான் கிடக்கணும். முதல்ல வியாதி, அப்புறம்தான் பேரு. பேரைப் பாத்துட்டா கை ஆளுக்குத் தகுந்த மாதிரி சாய ஆரம்பிச்சிரும். கடையிலயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான்.

— ஆமாமா, பெரிய நீதிபதி. அந்த மேசை விளக்கு மட்டும் அப்புறமா பாத்துக்கலாம் தம்பி. அதுக்கு ஒண்ணும் அவசரமில்லை.

— ஏன்?

— சும்மாதான். விளக்குத்தானே. பகல்தானே.

— டீச்சர்! மெக்கானிக் தம்பி! உள்ள வரலாமா? என் இஸ்திரிப் பெட்டி மறுபடியும் காலை வாரிடுச்சு!

— வாங்க தையலக்கா. நேரம் பாத்து வந்தீங்க போங்க. உங்க பெட்டியைப் பத்தித்தான் இவர் ஒப்பாரி வெச்சிட்டிருக்காரு.

— சும்மா சொல்லக்கூடாது டீச்சர், போன வாரம் தம்பி சரி பண்ணிக் கொடுத்ததும் எப்படிச் சுட்டுது தெரியுமா! பள்ளிக்கூடச் சீருடை நாப்பது சட்டை தேச்சேன். நேத்து பாத்தா பொணம் மாதிரி சில்லுன்னு கிடக்குது. பாவிப் பெட்டி.

— இப்படிக் கொடுங்க அக்கா. ஒயரைப் பாக்கறேன். ம்ம்.

— என்ன தம்பி, ம்ம்?

— ஒயர் அறுந்திருக்கு.

— எலி! எலிதான் தம்பி. எங்க வீட்டுல இருக்குது பாருங்க ஒரு எலி, பெருச்சாளி சைஸ்ல. கடிச்சு வெச்சிருச்சு.

— எலி கடிச்சா பிசிறு பிசிறா இருக்கும் அக்கா. இது ஒரே வெட்டா இருக்கு, வழவழன்னு. எலி கத்தரிக்கோல் வெச்சிருந்துதா?

— அது... அதுக்குப் பல்லு கொஞ்சம் கூர்மை.

— கைப்பிடியில இருந்து சரியா ஒரு சாண். போன வாரமும் ஒரு சாண். பதிவேட்டுல எழுதி வெச்சிருக்கேன், அதுக்கு முந்தின தடவையும் ஒரு சாண்.

— அளந்து கடிக்குது தம்பி. தையல்காரி வீட்டு எலியாச்சே.

— தையலக்கா! சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வந்துரும். இன்னும் அரை மணி நேரத்துல ஆய்வுக்காரர் வராரு. இந்த வகுப்பு இருக்கறதா போறதான்னு இன்னைக்கு முடிவு. உண்மையைச் சொல்லுங்க.

— டீச்சர், என்னை வகுப்பைவிட்டு நிறுத்த மாட்டீங்களே?

— வகுப்பே நின்னுரும் போலிருக்கு. உங்களை எங்க தனியா நிறுத்தறது?

— நான்தான் வெட்டினேன்.

— அக்கா!

— பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் தம்பி வெட்டினேன்! நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, எந்தப் பொருளைத் தொட்டாலும் முதல்ல பிளக்கைப் பிடுங்கணும்னு. மறப்பேனா?

— நல்லாயிருக்கு. நான் சொல்லிக் கொடுத்ததுல பலன் இல்லைன்னு எவன் சொன்னது!

— கோவிச்சுக்காதீங்க தம்பி. எனக்குன்னு யாரு இருக்கா? நாள் முழுக்க மெஷினு கடகடகடன்னு பேசுது, நான் கேக்கறேன். வரவங்க எல்லாம் என்ன பேசறாங்க? கை நீளம் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, நாளைக்கு வேணும். அவ்வளவுதான். சனிக்கிழமை இங்க வந்தாத்தான், ஏன்மா இப்படிச் செஞ்ச, அந்த ஒயரை இங்க மாட்டு, உனக்கு அறிவிருக்கான்னு என்னைத் திட்டறதுக்கு ஒரு ஆளு இருக்கு. பொருள் பழுதாகலைன்னா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வரது?

— சும்மா வரலாமே அக்கா. யாரு வேணாம்னா?

— வாசல்ல நீங்கதானே போர்டு எழுதி வெச்சிருக்கீங்க, "பழுதான பொருளுடன் மட்டும் உள்ளே வரவும்"னு?

— ஐயோ தம்பி. அது உங்க வேலை. கூட்டம் சேந்து அரட்டை அடிச்சா கவனம் சிதறும்னு நீங்கதான் எழுதினீங்க.

— கவனத்துக்காக எழுதினேன் அண்ணி. இப்படி உயிரோட இருக்கற பொருளைக் கொன்னு எடுத்துட்டு வருவாங்கன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? இருங்க. அந்த டார்ச்சைக் கொடுங்க.

— எதுக்கு?

— சந்தேகம் வந்துருச்சு. பாருங்க, ஸ்பிரிங்கை உருவி எடுத்துட்டு அந்த இடத்துல பேனா ஸ்பிரிங்கை வெச்சிருக்கு. இது பழுதா? இது திருட்டு.

— அது பள்ளி வேன் டிரைவருதுதான். சீட்டைத் திருப்ப வேணாம். அவர் பையில எப்பவும் பேனா சொருகியிருக்கும், ஆனா எழுதாது.

— அக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?

— போன வாரம் வேன்ல வரப்ப அவர்தான் கேட்டாரு, எதைக் கழட்டினா மெக்கானிக்குக் கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகும்னு. பாவம், அவருக்கும் வீட்டுல பேச்சு வார்த்தை இல்லை. கொழுந்தியா வந்து மூணு மாசமா தங்கியிருக்கா, அக்காவும் தங்கச்சியும் மட்டும்தான் பேசிக்கறாங்க.

— குடை?

— அது டியூஷன் மாஸ்டரு. கம்பியை வளைச்சு வளைச்சு எடுத்துட்டு வராரு.

— எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். மூணு மாசமா ஒரு சொட்டு மழை இல்லை. விரிக்காத குடை அஞ்சு தடவை எப்படி உடையும்? இதையெல்லாம் நானும் ஒவ்வொரு வாரமும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பெரிய டாக்டர் மாதிரி தடவித் தடவி... அண்ணி, பையைத் தூக்குங்க.

— எந்தப் பை?

— விளக்கு மேல வெச்சிருக்கீங்களே, அந்தப் பை.

— தூசி படக் கூடாதுன்னு வெச்சேன் தம்பி.

— டீச்சர், காது மடல் சிவந்து போச்சு உங்களுக்கு.

— நீங்க சும்மா இருங்க தையலக்கா. எலியை வளக்கறவங்க பேச வந்துட்டாங்க.

— ஃப்யூஸ் இல்லை.

— போயிருக்கும்.

— போனா கருகி உள்ளயே இருக்கும் அண்ணி. இது எழுந்து நடந்து போயிருக்கு. உங்க பேனா டப்பாவைத் திறங்க.

— என் பேனா டப்பாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— ஏழு தடவையும் ஃப்யூஸ் அதுலதானே இருந்துது.

— தம்பி... உங்களுக்குத் தெரியுமா?

— கடையை மூடினதுக்கு அப்புறம் எட்டு மாசம் மாடி அறையில சுவரைப் பாத்துக்கிட்டு உட்காந்திருந்தேனே, அப்ப நம்ம வீட்டுல என்னென்ன போச்சு? மிக்சி போச்சு. ஃபேன் போச்சு. அண்ணனோட ஷேவிங் மெஷின் போச்சு. அழைப்பு மணி போச்சு. அழைப்பு மணியில ஒயர் தானா கழண்டு, தானா ரெண்டு சுத்து சுத்தி, பூ மாதிரி ஒரு முடிச்சும் போட்டுக்கிட்டிருந்துது. வீட்டுல அப்படி அழகா முடிச்சுப் போடறது நீங்க ஒருத்தர்தான்.

— அறிவியல் டீச்சர் நீங்க! ஷேவிங் மெஷினையா உடைச்சீங்க?

— உடைக்கலை தையலக்கா, கொஞ்சம் கழட்டினேன். இவங்க அண்ணன் ஒரு பக்க மீசையோட ஆபீஸ் போனாரு. அவர்தானே சொன்னாரு, "அவன் கைக்கு ஏதாவது வேலை கொடு, இல்லைன்னா ஆளே துருப்பிடிச்சிருவான்"னு? கொடுத்தேன். வீட்டுல கழட்டறதுக்குப் பொருள் தீந்து போச்சு. அதுக்கப்புறம்தான் ஊர்ல இருக்கறவங்க பொருளையெல்லாம் இங்க வரவழைச்சேன்.

— அப்போ இந்த வகுப்பு? குப்பையைக் குறைப்போம், பூமியைக் காப்போம்னு நீங்க பள்ளிக்கூடத்துல பேசினது, துண்டு நோட்டீஸ் அடிச்சது?

— அதெல்லாம் உண்மைதான் தம்பி. பூமியையும் காப்பாத்தணும்னு நினைச்சேன். ஆனா முதல்ல மாடி அறையில இருந்து ஆரம்பிச்சேன். தெரிஞ்சும் நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?

— கேட்டா நிறுத்திருவீங்களே.

— அடப்பாவி மனுஷா.

— நீங்க ஒருத்தர்தான் இந்த வேலை பாக்கறீங்கன்னு நினைச்சேன் அண்ணி. ஊரே கூட்டு சேந்திருக்கும்னு கனவுலயும் நினைக்கலை. சரி, பேனாவைக் கொடுங்க. பதிவேட்டை இப்படித் தள்ளுங்க.

— என்ன எழுதப் போறீங்க?

— "பழுதான காரணம்"னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல உள்ளதை எழுதப் போறேன். இஸ்திரிப் பெட்டி: சொந்தக்காரர் வெட்டியது. டார்ச்: சொந்தக்காரர் ஸ்பிரிங் மாற்றியது. குடை: சொந்தக்காரர் வளைத்தது.

— தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. மணி பத்தே முக்கால். பொருளைக் காப்பாத்தற இடம்னு நம்மகிட்ட அறை கொடுத்திருக்காங்க. இங்க வரணும்னே பொருளை உடைக்கறாங்கன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, அந்த ஆளு படிச்ச கையோட பூட்டைக் கொண்டுவந்து மாட்டிருவாரு.

— எலின்னே எழுதுங்க தம்பி. எலி யாரு மேல கேஸ் போடப் போகுது?

— எலின்னு எழுதினா நான் பத்த வெச்சது நிக்கலைன்னுதான் அர்த்தம் அக்கா. எலி கடிச்ச ஒயரை ஒன்பது தடவை மாத்தியும், எலிக்கு எட்டாத மாதிரி மாட்டி வெக்கச் சொல்லித் தரத் தெரியாதவன்னு அர்த்தம். வேற எதை வேணா போகட்டும்னு விடுவேன். இந்தக் கை பொய்யான வேலை செஞ்சதுன்னு மட்டும் எழுத விட மாட்டேன்.

— அறை போனா திரும்ப மாடி ஏறிருவீங்களே தம்பி. எனக்கு அந்த பயம்தான். உடைஞ்ச நாற்காலி இங்க உட்காரும், நீங்க அங்க உட்காருவீங்க.

— போனாப் போகட்டும் அண்ணி.

— இருங்க, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் ஒண்ணு கேக்கறேன். பலன் இல்லை, பலன் இல்லைங்கறாரே, எங்க தெருவுல வந்து பாக்கட்டும். எதிர் வீட்டு மிக்சி மோட்டாருக்கு கார்பன் பிரஷ் மாத்தினது யாரு? நான். பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டி மூணை ஓட வெச்சது யாரு? நான். ரெண்டு வருஷமா எங்க தெருவுல இருந்து ஒரு ஃபேன், ஒரு பெட்டி குப்பை வண்டிக்குப் போகலை தம்பி. அந்த வண்டிக்காரரே கேக்கறாரு, என்னம்மா உங்க தெருவுல யாரும் புதுசு வாங்கறதில்லையான்னு. இந்த ஒயரை மாட்டறதுக்கு எனக்கு நீங்க எதுக்கு? கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவேன். நேத்து ராத்திரியே ஒரு தடவை மாட்டிட்டு, ஐயோ நாளைக்குப் போகணுமேன்னு மறுபடியும் வெட்டினேன்.

— இதெல்லாம் ஏன் அக்கா பதிவேட்டுல இல்லை?

— வீட்டுல சரியானதை யாரு பதிவேட்டுல எழுதுவா? இங்க வந்ததைத்தானே எழுதறீங்க.

— அதுதான் கணக்கே தப்பாப் போச்சு தம்பி! பலன் எல்லாம் தெருவுல இருக்கு, பதிவேட்டுல நம்ம தனிமை மட்டும்தான் இருக்கு.

— நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா ஆய்வுக்காரர் தெருவுக்கு வர மாட்டாரு. பதிவேட்டுக்குத்தான் வருவாரு. நான் எழுதறேன்.

— எழுதுங்க.

— என்ன?

— எழுதுங்கன்னேன். உங்க கை பொய் சொல்லாது, அது எனக்கும் பெருமைதான். ஆனா ஒண்ணு. எல்லாரையும் சொந்தக்காரர்னு போட்டு என்னை மட்டும் விட்டுராதீங்க. விளக்கு: கொழுந்தனின் அண்ணி ஃப்யூஸை ஒளித்தது. ஏழு தடவை. கீழ நான் கையெழுத்துப் போடறேன். பூட்டு மாட்டறதுன்னா என் மூஞ்சியைப் பாத்துட்டு மாட்டட்டும்.

— நானும் போடறேன் டீச்சர். எலி பாவம், அது மேல பழி வேணாம்.

— அண்ணி, வாசல்ல வண்டி வந்து நிக்குது.

— நின்னா நிக்கட்டும். இன்னும் ஒரு கட்டம் காலியா இருக்கே?

— அலாரக் கடிகாரம். அதை மட்டும் இன்னும் திறக்கலை. இதாவது நிஜமான வியாதியா இருக்கணும், ஒரு நியாயமான வியாதி... அடச்சே.

— என்னாச்சு?

— பேட்டரி தலைகீழா இருக்கு.

— தெரியாம மாட்டியிருப்பாங்க தம்பி. வயசான யாராவது.

— தெரியாம மாட்டினவர் பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவுல காகிதத்தையும் சொருகுவாரா அண்ணி? ஒரு வேளை பேட்டரியை நான் உடனே கண்டுபிடிச்சிட்டா, அதுக்கப்புறமும் ஓடக் கூடாதுன்னு ரெண்டாவது பூட்டு. பலே கை. அளவுகோல் வெச்சுக் கோடு போட்டு வெட்டின காகிதம். ஓரத்துல ஊதா மையில ஏதோ பாதி வட்டம்.

— எங்க, காட்டுங்க. தையல்காரி கண்ணுக்கு வெட்டு தெரியும். சும்மா சொல்லக்கூடாது, என் வெட்டைவிட நேரா இருக்கு. யாரோ ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க.

— மனுஷங்களே, ஊர்ல ஒரு ஆளாவது பாக்கியிருக்கீங்களா! எழுதிட்டேன் அண்ணி. கடிகாரம்: சொந்தக்காரர் பேட்டரியைத் திருப்பி, காகிதம் வைத்து மறைத்தது. வியாதி எழுதியாச்சு. இனி பேரைப் பாக்கலாம்.

— சீக்கிரம் பாருங்க, செருப்புச் சத்தம் நடைவழிக்கே வந்துருச்சு.

— அக்கா, நீங்க அந்தச் சீட்டைத் திருப்புங்க.

— இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். "அலாரம் அடிக்கவில்லை. அவசரம் எதுவும் இல்லை. நான் கூடவே உட்கார்ந்து, கற்றுக்கொண்டு, நானே சரிசெய்து எடுத்துக்கொள்கிறேன். மாலை வரை நேரம் இருக்கிறது." கீழ பேரு போடலை டீச்சர், சீல்தான் குத்தியிருக்கு. ஆய்வு அலுவலர்.